உப்புத் தண்ணீருக்கு உப்பா? வீட்டு வாட்டர் சாஃப்ட்னரைப் புரிந்துகொண்டு பொருத்துவது எப்படி

வாட்டர் சாஃப்ட்னர் வாங்க நினைக்கும் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான்: "தண்ணீரே உப்பு. அதைச் சரிசெய்ய இன்னும் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டச் சொல்கிறார்களே?" நியாயமான கேள்வி. குழப்பம் 'உப்பு' என்ற சொல்லில்தான் இருக்கிறது. பேச்சுவழக்கில் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதும், சோப்பை நுரைக்க விடாததும், ஹீட்டர் கம்பியைச் சுண்ணாம்பால் மூடுவதும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் வேலை. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீரைத்தான் கடின நீர் என்கிறோம். குடிக்க இனிப்பாக இருக்கும் கிணற்றுத் தண்ணீர்கூட ஹீட்டரை ஆறே மாதத்தில் அடைத்துவிடலாம். சாஃப்ட்னர் கைவைப்பது இந்தக் கடினத்தன்மையில் மட்டும். கரிப்பை அது துளியும் குறைக்காது.

இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும், எங்கே வைப்பது, பழுதானால் எங்கே பார்ப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

டேங்குக்குள் நடப்பது என்ன?

சாஃப்ட்னரின் உயிர் ரெசின். கடுகைவிடச் சிறிய, தேன் நிற மணிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் விட்டம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்ட இந்த மணிகளுக்குள் எதிர்மின்னேற்றம் கொண்ட எண்ணற்ற இருக்கைகள் இருக்கின்றன. புதிய ரெசினில் அந்த இருக்கைகளில் சோடியம் உட்கார்ந்திருக்கும். கடின நீர் மணிகளைக் கடந்து போகும்போது கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றின் மின்னேற்றம் இரட்டிப்பு என்பதால் பிடிப்பும் அதிகம். ஒரு கால்சியம் உட்கார இரண்டு சோடியம் எழுந்து தண்ணீரோடு வெளியே போகும்.

இருக்கைகள் நிரம்பிவிட்டால் கடினத்தன்மை அப்படியே குழாய்க்கு வரத் தொடங்கும். அப்போதுதான் உப்புக்கு வேலை. அடர்த்தியான உப்புக்கரைசலை ரெசின் வழியாக மெதுவாக விட்டால், சோடியம் தன் எண்ணிக்கை பலத்தால் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வெளியே தள்ளிவிட்டு மறுபடி இடம்பிடிக்கும். தள்ளப்பட்டவையும் மிச்ச உப்பும் கழிவுக் குழாயில் போய்விடும். இதைத்தான் 'ரீஜெனரேஷன்' என்கிறார்கள். கொட்டிய உப்பு அப்படியே குளியலறைக்கு வருவதில்லை. அதன் சோடியத்தில் ஒரு பகுதி மணிகளில் தங்க, மிச்சம் கழிவோடு போகிறது.

ஆக, சாஃப்ட்னர் ஒரு வடிகட்டி அல்ல. அது எதையும் சலித்து நிறுத்துவதில்லை, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) மீட்டரை வைத்து சாஃப்ட்னரைச் சோதிப்பது தவறு என்பதற்கு இதுவே காரணம். வேலை நன்றாக நடந்தாலும் டிடிஎஸ் எண் குறையாது, சிறிது கூடவும் கூடும். "மெஷின் வேலை செய்யவில்லை, டிடிஎஸ் அப்படியே இருக்கிறது" என்று பழுதில்லாத சாஃப்ட்னரைக் கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது கடினத்தன்மை (ஹார்ட்னஸ்) அளவு மட்டுமே.

கரைசல்களில் இப்படிப் பண்டமாற்று நடக்கிறது என்பதை 1850இல் ஜே. தாமஸ் வே மண்ணில் கண்டார். செயற்கை ரெசின் 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரின் ஆய்வில் உருவானது. இன்று வீடுகளில் இருப்பது அதன் வழிவந்த ரகம்தான்.

முதலில் அளந்து பாருங்கள்

கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். 60 வரை மென்மை, 61 முதல் 120 வரை மிதமான கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் பிரிவு. சில இயந்திரங்களின் திரையில் 'கிரெய்ன்' என்ற அலகு வரும். ஒரு கிரெய்ன் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் 400 மில்லிகிராம் என்றால், திரையில் 23 அல்லது 24 என்று பதிய வேண்டும். இங்கே 400 என்றே அழுத்திவிட்டால் இயந்திரம் ஓயாமல் ரீஜெனரேஷன் செய்து உப்பைத் தின்றுகொண்டிருக்கும்.

அளக்கச் சொட்டு முறை கிட் போதும். சின்னக் குப்பியில் குறித்த அளவு தண்ணீர் எடுத்து, பஃபர் கரைசலும் நிறங்காட்டியும் சேர்த்தால் ஒயின் சிவப்பு நிறம் வரும். பிறகு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு மறைந்து தெளிவான நீலம் வரும்போது நிறுத்தி, சொட்டுகளின் எண்ணிக்கையைக் கிட்டில் சொன்ன எண்ணால் பெருக்கினால் அளவு கிடைத்துவிடும். நடுவில் ஊதா நிறம் ஒன்று வரும். அதிலேயே நிறுத்திவிட்டால் கணக்குக் குறைந்து போகும். நிலத்தடி நீரின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் வறண்ட காலத்தில் ஒரு முறை அளந்து, அந்தப் பெரிய எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

கூடவே இரும்பின் அளவையும் பாருங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே பாத்திரத்திலும் துணியிலும் பழுப்புக் கறை பிடிக்கும். ரெசினும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் லேசில் விடாது. மணிகள் துருநிறமாகிக் கொள்திறன் சரிந்துவிடும். இரும்பு கொஞ்சமாக இருந்தால் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 70 மில்லிகிராம் கடினத்தன்மை கூடுதலாகக் கணக்கில் சேர்த்துச் சமாளிக்கலாம். அதிகமாக இருந்தால் சாஃப்ட்னருக்கு முன்னால் தனியாக இரும்பு வடிகட்டி போட்டே ஆக வேண்டும்.

எத்தனை லிட்டர் ரெசின்?

விற்கிறவர்கள் "இது நாலு பேர் குடும்பத்துக்கு" என்று சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆள் எண்ணிக்கை பாதிக் கணக்குதான். மீதிப் பாதி கடினத்தன்மை.

நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால் 600 லிட்டர். கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம். இரண்டையும் பெருக்கினால், ரெசின் நாளொன்றுக்கு 240 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்க வேண்டும்.

இனி ரெசினின் பக்கம். ஒரு லிட்டர் ரெசின் எவ்வளவு பிடிக்கும் என்பது, அதற்கு எவ்வளவு உப்புக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லிட்டர் ரெசினுக்குச் சுமார் 100 கிராம் உப்புக் கொடுத்தால் ஏறத்தாழ 45 கிராம் பிடிக்கும். 240 கிராம் கொடுத்தால் ஏறத்தாழ 69 கிராம் பிடிக்கும். உப்பு இரண்டரை மடங்கு போகிறது, பலன் ஒன்றரை மடங்குதான். மணியின் விளிம்பில் இருக்கும் இருக்கைகள் சுலபமாகக் காலியாகும். கடைசியில் மிஞ்சுபவற்றைக் கிளப்பத்தான் உப்பு மலைபோல் செலவாகும். அதனால் ரெசினைக் கொஞ்சம் தாராளமாக வாங்கிவிட்டு, உப்பைக் குறைவாக வைத்து ஓட்டுவதே புத்திசாலித்தனம். ரெசின் ஒரு முறைச் செலவு, உப்போ மாதாமாதம் வரும் செலவு.

நம் உதாரணத்துக்கு 40 லிட்டர் ரெசின் எடுத்தால், 40 × 45 = 1,800 கிராம். நாளுக்கு 240 கிராம் என்றால் ஏழரை நாள் தாங்கும். ஒரு ரீஜெனரேஷனுக்கு 4 கிலோ உப்பு. லிட்டரில் சொன்னால் 4,500 லிட்டருக்கு ஒரு முறை. கடைசித் துளிவரை காத்திருக்காமல் ஒரு நாள் தண்ணீரைக் கையிருப்பாகக் கழித்து, இயந்திரத்தின் தண்ணீர் மீட்டரில் 3,900 லிட்டர் என்று வையுங்கள். ரீஜெனரேஷன் வாரம் ஒரு முறையை ஒட்டி வந்தால் அளவு சரி. தினமும் வந்தால் சாஃப்ட்னர் சிறியது. பல வாரங்களுக்கு ஒரு முறை என்றால் பெரியது; அசையாமல் கிடக்கும் ரெசின் இறுகும், கிருமியும் வளரும்.

வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் ரெசினின் அளவைப்போல 40 மடங்குக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. 40 லிட்டர் ரெசினுக்கு இது 1,600 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 26 லிட்டர் சொச்சம். அதைத் தாண்டினால் மாற்றம் நடக்க நேரம் போதாமல் கடினத்தன்மை நழுவிவிடும்.

அழுத்தம்: பெரும்பாலான தவறுகள் இங்கேதான்

சாஃப்ட்னரின் தலையில் இருக்கும் வால்வுக்குள் 'இன்ஜெக்டர்' என்ற விரல்நுனி அளவுப் பாகம் ஒன்று உண்டு. அதன் மெல்லிய துளை வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாயும்போது பக்கத்தில் உறிஞ்சல் ஏற்பட்டு, உப்புத் தொட்டியிலிருந்து கரைசல் மேலே வரும். உப்பை இழுக்கத் தனியாக மோட்டார் ஏதும் கிடையாது. தண்ணீரின் அழுத்தம்தான் மோட்டார். அதற்குக் குறைந்தது ஒன்றரை பார் (அழுத்தத்தின் அலகு) வேண்டும், இரண்டு பார் இருந்தால் நல்லது.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கும்? 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். இந்த வரியில் தானியங்கி சாஃப்ட்னரை மாட்டினால் முதல் வாரம் புது ரெசினின் புண்ணியத்தில் தண்ணீர் மென்மையாக வரும். பிறகு வராது. உப்புத் தொட்டியில் உப்பு ஒரு விரலும் இறங்கியிருக்காது. இயந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, இழுக்க அழுத்தமே இல்லை.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, தொட்டிக்குக் கீழே பிரஷர் பம்ப் வைத்து, அதற்குப் பிறகு சாஃப்ட்னரைப் பொருத்துவது. இரண்டாவது, மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயிலேயே பொருத்துவது. இரண்டாவது வழியில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் மணிக்கு 3,000 லிட்டர் தள்ளினால் 40 லிட்டர் ரெசின் தாங்காது. பெரிய டேங்க் எடுக்க வேண்டும், அல்லது ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். நள்ளிரவில் தானாக ரீஜெனரேஷன் தொடங்கும் நேரத்தில் மோட்டார் ஓடாது என்பதால், கையால் திருப்பும் வால்வே அங்கே பொருத்தம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்றதும் குழாயிலுள்ள தண்ணீர் கீழே சரிந்து உறிஞ்சலை உண்டாக்கும். எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) டேங்க் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குமே தவிர வெளியிலிருந்து நசுக்குவதைத் தாங்காது. முன்னால் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றும், காற்றை உள்ளே விடும் வேக்யூம் பிரேக்கரும் கட்டாயம் வேண்டும். உச்ச அழுத்தத்தையும் ஒரு கேஜ் வைத்துப் பாருங்கள். பல வால்வுகளின் உச்சவரம்பு 8 பார் சொச்சம்.

எங்கே வைப்பது, எதை விட்டுவைப்பது

சமதளமான, வெயில் நேரடியாகப் படாத, அருகில் கழிவு வாய் உள்ள இடம் வேண்டும். தானியங்கி என்றால் எப்போதும் மின்சாரம் இருக்கும் பிளக் வேண்டும். விளக்கு சுவிட்சோடு சேர்ந்து அணையும் பிளக்கில் போட்டால் நேரக் கணக்கு ஓயாமல் குழம்பும். உப்பு மூட்டையைத் தூக்கிக் கொட்ட மேலே இடமும் இருக்கட்டும்.

தோட்டக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். சோடியம் மிகுந்த தண்ணீர் மண்ணை இறுக்கும், செடிக்கும் ஆகாது. சமையலறையில் குடிக்கும் தண்ணீருக்கும் மென்மையாக்காத ஒரு குழாயைத் தனியாக விடுவது நல்லது. கணக்கு எளிது: 100 மில்லிகிராம் கடினத்தன்மை போனால் 46 மில்லிகிராம் சோடியம் வரும். 400 மில்லிகிராம் தண்ணீரில் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்களுக்கும், பால்பவுடர் குடிக்கும் கைக்குழந்தைக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்ஓ இருந்தால் சோடியத்தின் பெரும்பகுதியை அது எடுத்துவிடும். ஆர்ஓ மெம்பிரேனும் சுண்ணாம்பு படியாமல் நெடுநாள் உழைக்கும்.

ஹீட்டருக்கும் சாஃப்ட்னருக்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர் குழாய் இருக்கட்டும். வெந்நீர் பின்னோக்கி வந்தால் வால்வின் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பொருத்தும் வேலை

தேவையானவை: டேங்க், ரைசர் பைப் (மென்னீரை அடியிலிருந்து மேலே கொண்டுவரும் நடுக்குழாய், அடியில் சல்லடை உள்ளது), ரெசின், வால்வு, உப்புத் தொட்டி, அதன் மிதவை, பைபாஸுக்கு மூன்று பால் வால்வுகள், இரு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), முன்னால் 20 முதல் 50 மைக்ரான் வரையிலான ஒரு செடிமென்ட் ஃபில்டர் (மண், துகள் வடிகட்டி), கழிவுக் குழாய், டெஃப்ளான் டேப், சிலிகான் கிரீஸ்.

டேங்கை நிற்க வைத்து, ரைசர் பைப்பை உள்ளே இறக்கி, அடியில் உள்ள குழிவில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். 10 அங்குல விட்டம், 54 அங்குல உயர டேங்கில் 40 லிட்டர் ரெசின் மூன்றில் இரண்டு பாகம் நிற்கும். மேலே காலியாக விடும் இடம் வீணல்ல. தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு அலசும் பின்கழுவலின்போது மணிகள் எழும்பி விரிய அது தேவை. ரைசரின் மேல்வாயை டேப்பால் இறுக மூடிவிட்டுப் புனல் வைத்து ரெசினைக் கொட்டுங்கள். மூட மறந்தால் மணிகள் ரைசருக்குள் விழும். பிறகு அவை வீட்டுக் குழாய்களில்தான் வெளிவரும். மூட்டையில் ரெசின் ஈரமாகவே வரும். காய்ந்திருந்தால் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், திடீரென்று ஊதி மணிகள் வெடிக்கும். அடர்த்தியான உப்புக்கரைசலில் முதலில் ஊறவையுங்கள்.

ரைசரை வெட்டும் இடத்தில் நிதானம் வேண்டும். அது வால்வின் அடியிலுள்ள ஓ-ரிங்குக்குள் (ரப்பர் வளையம்) நுழைய வேண்டிய குழாய். வால்வோடு வரும் தாளில் சொன்ன உயரத்துக்கு, பெரும்பாலும் டேங்க் வாயோடு சமமாக, நேராக வெட்டி, விளிம்பின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சரித்துவிடுங்கள். கூர்விளிம்பு ஓ-ரிங்கைக் கீறிவிட்டால் உள்ளே கடின நீர் குறுக்குவழியில் போய் மென்னீரோடு கலந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பு ரப்பரை ஊதிக் கெடுக்கும். வால்வைக் கையால் முறுக்கி இறுக்கினாலே போதும், ஸ்பானர் வேண்டாம்.

அடுத்து பைபாஸ். உள்வழியில் ஒன்று, வெளிவழியில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் நடுக்குழாயில் ஒன்று என மூன்று வால்வுகள். இது இருந்தால் சாஃப்ட்னரைக் கழற்றும் நாளிலும் வீட்டுக்குத் தண்ணீர் நிற்காது. உள், வெளி அம்புக்குறிகளை இரண்டு முறை பாருங்கள். சில வால்வுகளில் முன்னால் நின்று பார்த்தால் உள்வழி வலப்பக்கம் இருக்கும். மாற்றி இணைத்தால் தண்ணீர் கீழிருந்து மேலே பாய்ந்து ரெசினை மேல்சல்லடையில் அப்பிவிடும், வீட்டுக் குழாயில் ஓட்டமும் சரியும். உலோகக் குழாயைப் பற்றவைக்கும் வேலை இருந்தால் வால்விலிருந்து தள்ளி முதலில் முடித்துவிடுங்கள். பழைய வீட்டில் உலோகத் தண்ணீர்க் குழாயே மின் எர்த்தாகப் பயன்பட்டிருந்தால், நடுவில் பிளாஸ்டிக் வால்வு வந்ததும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். இரு பக்க உலோகக் குழாயையும் தடித்த செம்புக் கம்பியால் எலக்ட்ரீசியனைக் கொண்டு இணைக்க வேண்டும்.

கழிவுக் குழாயைச் சாக்கடை வாய்க்குள் திணிக்காதீர்கள். வாய்க்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் காற்று இடைவெளி விட்டுக் கட்டினால் கழிவுநீர் பின்னோக்கி உறிஞ்சப்படாது. குழாய் மடங்காமல், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். உப்புத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழியும் குழாய் இதோடு சேரக்கூடாது. அது தனியாகச் சரிவில் இறங்க வேண்டும். சேர்த்துவிட்டால் பின்கழுவல் தண்ணீர் உப்புத் தொட்டிக்குள் பாயும்.

முதல் ஓட்டம்

பைபாஸில் வைத்து வீட்டுக் குழாய் ஒன்றைத் திறந்து, வெட்டிய துகள்கள் போகும்வரை ஓடவிடுங்கள். பிறகு வால்வைப் பின்கழுவல் நிலையில் வைத்து, உள்வழியைக் கால்பங்கு மட்டும் திறந்து டேங்கை மெதுவாக நிரப்புங்கள். ஒரேயடியாகத் திறந்தால் அடைபட்ட காற்று மணிகளை மேலே தூக்கிக் கழிவுக் குழாய்க்குள் தள்ளிவிடும். காற்று முழுதும் வெளியேறி ஓட்டம் சீரானதும் முழுதாகத் திறக்கலாம். முதலில் தேநீர் நிறத் தண்ணீர் வரும். அது புது ரெசினின் சாயம், தெளியும்வரை விடுங்கள்.

இந்த நிலையில் ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 அங்குல டேங்கின் பின்கழுவலுக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர் வேண்டும். அப்படியானால் 10 லிட்டர் வாளி 65, 70 விநாடியில் நிரம்பும். இரண்டு நிமிடம் ஆனால் கழிவுக் குழாயில் அடைப்போ அழுத்தக் குறைவோ இருக்கிறது. அரை நிமிடத்தில் நிரம்பினால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வில்லை இல்லை, அல்லது தப்பான அளவு. ரெசின் வெளியே போய்விடும்.

உப்புத் தொட்டியில் 11 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 360 கிராம் உப்புக்கு மேல் கரைக்காது என்பதால், 4 கிலோவுக்கு இந்த 11 லிட்டர்தான் கணக்கு. தொட்டியில் எவ்வளவு உப்பு குவித்தாலும் செலவாவது தண்ணீரின் அளவைப் பொறுத்தே. உப்பு அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் திருத்த வேண்டியது தண்ணீர் நிரம்பும் நேரத்தையோ மிதவையின் உயரத்தையோ. சாஃப்ட்னருக்கென்று வரும் சுத்தமான மாத்திரை உப்பையே போடுங்கள். சமையல் தூள் உப்பு சேறாகிக் குழாயை அடைக்கும், மலிவான மண் கலந்த உப்பு இன்ஜெக்டரை அடைக்கும்.

சில மணி நேரம் கரையவிட்டு முதல் ரீஜெனரேஷனைக் கையால் தொடங்குங்கள். பின்கழுவல் 10 நிமிடம், உப்பு இழுத்து மெதுவாக அலசுவது ஒரு மணி நேரம், வேக அலசல் 5 முதல் 10 நிமிடம், பிறகு தொட்டி நிரப்புதல். உப்பு இழுக்கும் கட்டத்தில் தொட்டியருகே நின்று நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடத்தில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பொருத்துபவரை அனுப்பிவிடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் சொட்டுக் கிட்டால் அளந்தால் ஓரிரு சொட்டிலேயே நீலம் வர வேண்டும்.

சரியில்லாதபோது எங்கே பார்ப்பது

உப்பு குறையவில்லை, தண்ணீரும் கடினம். முதலில் ஒரு கம்பால் உப்பைக் குத்திப் பாருங்கள். ஈரத்தில் மேல்பகுதி பாலம்போல் இறுகி, கீழே வெற்றிடமாக இருக்கும். மேலே பார்த்தால் தொட்டி நிறைய உப்பு, தண்ணீரைத் தொடுவதோ எதுவுமில்லை. மெதுவாகத் தட்டி உடைத்தால் போதும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் பாதி அளவில் வைத்தால் இது குறையும். பாலம் இல்லையென்றால் இழுக்கும் கட்டத்தில் உப்புக் குழாயைக் கழற்றி நுனியில் விரல் வையுங்கள். உறிஞ்சல் தெரியாவிட்டால் அழுத்தம், இன்ஜெக்டர் அடைப்பு, கழிவுக் குழாய் மடிப்பு என்ற வரிசையில் தேடுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரில் ஊதிச் சுத்தம் செய்யலாம். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

உப்பு ஒழுங்காகக் குறைகிறது, தண்ணீர் மட்டும் கடினம். பைபாஸின் நடு வால்வு சற்றே திறந்திருக்கலாம். அது மூடியிருந்தால் ரைசர் ஓ-ரிங். ரீஜெனரேஷன் முடிந்த உடனே அளந்தாலும் கடினத்தன்மை தெரிந்தால் கலப்பு நடக்கிறது என்று பொருள். முதல் சில நாள் மென்மையாக இருந்து பிறகு கெட்டால் கணக்கு தப்பு, அல்லது ரெசின் களைத்துவிட்டது.

குழாயில் தண்ணீர் கரிக்கிறது. அலசல் போதவில்லை. அலசல் நேரத்தில் கழிவு ஓட்டத்தை மறுபடி வாளியால் அளந்து பாருங்கள். உப்புத் தொட்டி விளிம்புவரை தண்ணீராக நின்றால் இழுப்பு நடக்கவில்லை, அல்லது மிதவை சிக்கியிருக்கிறது. குழாய் வாய்ச் சல்லடையில் தேன் நிற மணிகள் தென்பட்டால் அடிச்சல்லடை உடைந்திருக்கிறது; உடனே பைபாஸில் போட்டுவிட்டு டேங்கைத் திறக்க வேண்டும்.

குளித்தபின் உடல் வழுவழுவென்று இருப்பது பழுதல்ல. கடின நீரில் சோப்பும் கால்சியமும் சேர்ந்து தோலில் ஒட்டும் படலம்தான் நமக்கு அதுவரை பழகிய 'சொரசொரப்பு'. சோப்பையும் சலவைத் தூளையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பிடிக்கவே இல்லையென்றால் பைபாஸை மயிரிழை திறந்து சிறிது கடின நீரைக் கலந்துகொள்ளலாம்.

பழைய சுண்ணாம்பு படிந்த குழாய்களில் முதல் சில வாரம் வெள்ளைத் துணுக்குகள் உதிரும். ஷவர் தலையையும் குழாய் வாய்ச் சல்லடைகளையும் வாரம் ஒரு முறை கழற்றித் தட்டிவிடுங்கள். ஹீட்டருக்குள் ஏற்கெனவே கட்டியாகிவிட்ட படிவை மென்னீர் சீக்கிரம் கரைத்துவிடாது. சாஃப்ட்னர் பொருத்திய கையோடு ஹீட்டரையும் ஒரு முறை சுத்தம் செய்துவிடுங்கள்.

ரெசின் பொதுவாகப் பத்து ஆண்டுகள் தாண்டியும் உழைக்கும். குளோரின் அதிகமான தண்ணீரில் மணிகள் மெல்லமெல்ல மெத்தென்றாகி, விரலால் நசுக்கினால் கூழாகும். அங்கே முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் போடுவது நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சில வாரங்கள் வெளியூர் போனால், திரும்பி வந்ததும் குளிப்பதற்கு முன் ஒரு ரீஜெனரேஷனைக் கையால் ஓட்டிவிடுங்கள்.